புலியாவில் சாப்பிட்ட மசியல்

மில்பிடாஸில் வசிக்கும் நானும் கணவரும் சுத்த சைவம். தெற்கு இத்தாலியின் புலியாவுக்குச் சுற்றுலா போயிருந்தோம். வரி கேட்டு ஆள் வந்தால் பிரித்துப் போட வசதியாக, சாந்தே பூசாமல் கல் அடுக்கிக் கட்டியதாகச் சொல்லும் கூம்புக்கூரை வீடுகளைப் பார்த்துவிட்டு ஓர் உணவகத்தில் நுழைந்தோம்.

வழக்கம்போல, “நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்?” என்று கேட்டேன். சர்வர் தலையாட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. ஆலிவ் எண்ணெய் மிதக்கும் மசியலும் கசப்புக் கீரையும் வந்தன.

“அப்படியே நம்ம பருப்பு மசியல்டி!” என்று கணவர் என் தட்டையும் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை அவர் கண்கள் மஞ்சளாகிவிட்டன. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே, “ஃபாவா பீன்ஸ் சாப்பிட்டாரா?” என்றுதான். அந்த ஊர் மசியலே அந்தப் பயற்றில்தான் செய்வார்களாம்.

என் கணவர் ரத்தத்தில் ஓர் என்சைம் குறைவு, அந்தப் பயறு ஆகவே ஆகாது என்று எங்கள் டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். வீட்டில் சமைக்காத பொருள் என்பதால் மறந்தே போயிருந்தோம்.

ரத்தம் ஏற்றினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பையிலிருந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து, அதன் லேபிளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்துவிட்டார். இப்போதெல்லாம் சாப்பாட்டில் என்ன இல்லை என்று நான் கேட்பதில்லை. போன வாரம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பொங்கல் கொண்டுவந்தார்.

“இதுல என்ன போட்டிருக்கீங்க, ஆன்ட்டி?”

“அரிசியும் பருப்பும்தாம்மா.”

“எந்தப் பருப்பு?”