ஒரு பெயருக்கு இரண்டு மெழுகுதிரி

எங்கள் மாதா கோயில் வளாகத்தில், கொடிமரத்துக்குப் பின்னால் ஒரு கல் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சரக்குக் கப்பல்களில் வேலைக்குப் போய்க் கடலோடு போன எங்கள் ஊர் ஆண்களின் பெயர்களை அதில் வெட்டியிருக்கிறார்கள். உடலே வராதவர்களுக்குக் கல்லறை ஏது? அதனால் கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போக, நாங்கள் சில வீட்டார் மட்டும் இந்தக் கல்லடியில் மெழுகுதிரி ஏற்றுவோம்.

அதில் மூன்றாவது பெயர் அப்பாவின் அப்பா. அப்பா பிறக்கும் முன்பே கப்பலேறியவர். ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்பாவின் அம்மாவும் ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் பிழைக்கப் போன இடத்தில், மகனுக்கு விவரம் தெரியும் முன்பே காய்ச்சலில் இறந்துவிட்டார். அங்கேயே சித்தி வீட்டில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகுதான் அப்பா இந்த ஊருக்குத் திரும்பினார். அவருக்குத் தகப்பன் என்றால் கல்லில் உள்ள அந்த ஒரு வரிதான். எண்பது வயது தாண்டியும் வருடம் தவறாமல் அதை விரலால் தடவிப் பார்ப்பார்.

ஆனால் அதே பெயருக்குக் கீழே இன்னொரு வீட்டாரும் திரி ஏற்றுவார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அது வேறு விஷயம். கல்லில் ஒருவர்தானே இருக்கிறார்! அவர்கள் திரியை அப்பா ஓரமாக நகர்த்தி வைப்பார். அவர்கள் மறுபடி எடுத்து நடுவில் வைப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். செத்தவரைக்கூடவா பங்கு போடுவார்கள்?

போன வருடம் திருவிழா மலருக்காக, கல்லில் உள்ளவர்களைப் பற்றி விசாரித்து எழுதச் சொன்னார் பங்குச் சாமியார். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறேன். அதனால் கப்பலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு நினைப்பு. வீடு வீடாகப் போனேன். ஒருவர் கப்பல் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர். ஒருவர் தங்கைக்குப் பேசுகிற கிளி கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். இத்தனை காலமும் வெறும் எழுத்தாக இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராக முகம் வந்தது.  மூன்றாவது பெயருக்கு வந்ததும் வீம்பும் சேர்ந்தே வந்தது. எங்கள் ஆள்தான் என்று மலரில் அச்சடித்து அந்த வீட்டார் வாயை அடைத்துவிட வேண்டும்.

"நானும் வாரேன்" என்று அப்பா ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார்:

"ஏளா, அது அவுங்க ஆளுன்னு ஆயிட்டுன்னா?"

"ஆகாதுப்பா."

"ஆயிட்டுன்னா பொறவு எனக்கு யாரு இருக்கா?"

ஆட்டோ அவர்கள் வாசலில் போய் நின்றது.

அந்த வீட்டில் அப்பாவைவிட நாலைந்து வயது மூத்த ஒரு மாமி இருந்தார். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும், "அந்தச் சனியன அமத்துளா" என்று ரிமோட்டை என்னிடம் நீட்டினார். நான் உட்காரக்கூட இல்லை.

"மாமி, கல்லுல இருக்கது யாரு? உங்க அய்யாவா, எங்க தாத்தாவா?"

"ஒங்க தாத்தாதான்," என்றார் மாமி, இதில் என்ன சந்தேகம் என்பதுபோல. "எங்கய்யா சண்ட முடியுமுன்னயே வீடு வந்துட்டாருல்லா. கட்டில்ல படுத்துத்தான் செத்தாரு."

"பொறவு எதுக்கு எங்க ஆளுக்குத் திரி ஏத்துதிய?"

"எங்கய்யா ஏத்தச் சொன்னாரு, ஏத்துதோம். நீங்க என்னைக்குக் கேட்டிய? வருசா வருசம் சண்டக் கோழி மாதிரில்லா வந்து நிப்பிய!"

பிறகு மாமி எல்லாவற்றையும் சொன்னார். மாமியின் அப்பாவும் என் தாத்தாவும் ஒரே பெயர் கொண்ட கூட்டாளிகள். வேறு வேறு கப்பலில் போயிருந்தார்கள். ஒருநாள் கோயிலுக்குத் தந்தி வந்தது, இந்தப் பெயருள்ளவர் இறந்துவிட்டார் என்று. ஊர்ப் பெயர் இருந்தது, தகப்பன் பெயர் இல்லை. பூசை முடிந்து சாமியார் அதை வாசித்ததும் இரண்டு பெண்கள் ஒன்றாக எழுந்து நின்றார்கள். ஒருத்தி மாமியின் அம்மா. இன்னொருத்தி, என் அப்பாவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தவள்.

இருவரில் யார் விதவை என்று சொல்ல ஊரில் ஆளில்லை. இருவருமே தாலியைக் கழற்றவில்லை. மாமியின் அம்மா, பிள்ளைத்தாய்ச்சியான மற்றவளைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். ஒரே உலை, ஒரே பாய். அப்பா பிறந்ததும் அந்த வீட்டில்தான்.

"ரெண்டு பேரும் சேந்துதான் செபமால சொல்லுவாவ," என்றார் மாமி. "ஆனா ஆருக்காவன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாவ. எம் புருசன் வரட்டும்னு ஒருத்தி கேட்டா, மத்தவ தாலி அறணும்னுல்லா ஆயிரும்?"

அட மாதாவே!  ஒருத்தியின் நல்ல செய்தி மற்றவள் தலையில் இடி என்று தெரிந்துகொண்டே, மாதக்கணக்காக ஒரே சட்டியில் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். என்ன மனுஷிகள் அவர்கள்! நானாக இருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டேன்.

 அப்பா கேட்டார்:

"ஒங்கய்யா திரும்பி வந்த அன்னைக்கு எங்கம்மா என்ன செஞ்சா, அக்கா?"

மாமி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"கடற்கர வழியா நடந்து வாராரு எங்கய்யா. ஊரே ஓடுது. வந்தது யாருன்னு தெரிஞ்சதும் எல்லாரும் ஒங்கம்மாவப் பாக்காவ. அவ அழல. ஒன்னய இடுப்புல வச்சிக்கிட்டு நேரா எங்கய்யாகிட்டப் போனா. 'இவன அவன் அப்பன் கையில குடுக்கணும்னு வச்சிருந்தேன். நீங்க வாங்குங்க அண்ணே'ன்னு நீட்டிட்டா."

"அவரு வாங்குனாரா?"

"வாங்குனாராவா! அங்கனயே மண்ணுல உக்காந்துட்டாரு."

 அப்பா சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்:

"ரொம்ப நேரம் வச்சிருந்தாரா, அக்கா?"

"நீ வீறிட்டு அழுத. அப்பயும் விடல. நான் பக்கத்துல அவரு வேட்டியப் புடிச்சு இழுத்துக்கிட்டே நிக்கேன், திரும்பிப் பாக்கல. பெத்த மவளத் தூக்குமுன்ன ஒன்னயத் தூக்கிட்டாரு, ஏலே. அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் தீரல."