கரண்ட் வர்ற பாட்டு

கடலூர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் சார்லஸ், ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் கம்பத்தில் கால் வைக்க மாட்டார். எந்த வீட்டு வாசலிலாவது பட்டப்பகலில் விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தி, "அத அணைங்க மொதல்ல" என்று அதட்டிவிட்டுத்தான் நகர்வார். தெருவில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டாலே கை சுவிட்சுக்குப் போகும்.

அப்படிப்பட்டவர் மாதா கோவில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவர் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான். அதுவும் சாதாரணக் கிட்டார் மட்டும். எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் அவருக்கு வேப்பங்காய்.

"நாள் பூரா கரண்டோட குடும்பம் நடத்திட்டு வர்றேன். சாயங்காலம் மடியிலயும் அதையே தூக்கி வெச்சிக்கணுமா?" என்பார். அதைக் கிட்டார் என்று சொல்லக்கூட வாய் வராது. 'கம்பிப் பலகை' என்றுதான் சொல்வார்.

இந்தப் பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தேவனாம்பட்டினம் பீச் ரோட்டு டீக்கடையில் நடக்கும். மூன்று பேர் கூடுவார்கள். சார்லஸின் பழைய சிநேகிதன் அறிவழகன் சிதம்பரத்திலிருந்து பைக்கில் வருவார். அங்கே மைக்செட் கடை வைத்திருக்கிறார். அவருடைய உயிர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார்.

"தோள்ல மாட்டிப் பாரு மச்சான், தைச்ச சட்டை மாதிரி ஒடம்புல உக்காரும். ஒன் யமஹா கிட்டார் மாதிரி நெஞ்சுல அண்டாவக் கட்டிக்கினு நிக்க வேணாம்."

"அண்டான்னாலும் உள்ள காத்து இருக்குதுடா. இந்த எஃப் 310 மாடல வாங்குன நாள்லேருந்து ஒரு பட்டன் திருகினதில்ல. கைய வெச்சா பாடும். ஒன் பலகைக்கு ஒயரு வேணும், பெடல் வேணும், ஆம்ப்ளிஃபையர் வேணும். கல்யாணத்துக்குப் பொண்ணு அழைக்கிற மாதிரி அழைக்கணும்."

"ரெண்டும் இல்லண்ணே, லெஸ் பால்தான்" என்று நடுவில் புகுவான் செம்பியன். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன், இருவருக்கும் இளையவன். "ஒரு கம்பியத் தட்டிட்டுப் போயி டீ சொல்லிட்டு வந்தாலும் சத்தம் அங்கயே நிக்கும்." லெஸ் பாலும் எலெக்ட்ரிக் கிட்டார்தான், செம்பியன் அதைத் தொட்டதே இல்லை. ஊரில் எல்லாரும் பெண்டாட்டி பிள்ளை படம் வைக்கும் இடத்தில், அவன் செல்போனில் அது சிரித்துக்கொண்டிருக்கும்.

டீ ஆறிப்போகும். கட்சி மாறாது. அடுத்த ஞாயிறு மறுபடி அதே சண்டை. சண்டை இல்லாத வாரம் மூவருக்குமே சோறு இறங்காது என்பதுதான் உண்மை.

சார்லஸின் ஒரே மகள் எழிலரசிக்குச் சிதம்பரத்தில் சம்பந்தம் முடிந்தது. காலையில் கடலூரில் கோவில் கல்யாணம், மாலையில் புவனகிரி ரோட்டு மண்டபத்தில் வரவேற்பு. மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா, ரிசப்ஷன்ல அந்தக் கரண்ட் வர்ற பாட்ட வாசிக்கணும். நீ தனியா. மேடையில."

'தானே' புயல் அடித்து ஊரே இருண்டு கிடந்த நாட்களில் பிறந்த மெட்டு அது. பகலெல்லாம் கம்பம் தூக்கி நட்டுவிட்டு சார்லஸ் வீடு திரும்புவார். அவர் வீட்டிலும் கரண்ட் கிடையாது. இருட்டுக்குப் பயந்து அழும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, மனதுக்கு வந்ததை மீட்டுவார். "இது முடிஞ்சா கரண்ட் வந்துடும்" என்பார். வராது. பிள்ளை திரும்ப வாசிக்கச் சொல்லும். அவரும் வாசிப்பார். அப்படி ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நிஜமாகவே விளக்கு எரிந்துவிட, அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது.

பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று பழகிய மனிதருக்குத் தனியாக மேடையேறுவதென்றால் உதறல்தான். ஆனாலும் மகள் கேட்டு இல்லை என்று சொல்ல முடியுமா? தலையாட்டிவிட்டார்.

"அவ்ளோ பெரிய மண்டபத்துல ஒன் அண்டா மொத வரிசைக்கே கேக்காது" என்றார் அறிவழகன். யமஹாவைச் சிதம்பரத்துக்குத் தூக்கிப்போய் உள்ளே, கம்பியின் சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றைப் பொருத்தினார். அதற்கு ஒன்பது வோல்ட் பேட்டரி, சின்னச் சதுரக் கட்டி.

சார்லஸுக்கு முகம் செத்துப்போனது. "கடைசியில என் கிட்டாருக்கும் சர்வீஸ் கனெக்‌ஷன் குடுத்துட்டியேடா!"

"ஒயரச் சொருகினா ஆன், உருவினா ஆஃப். வாசிச்சதும் மறக்காம உருவிடு மச்சான். இல்லன்னா பேட்டரி பூரா எறங்கிடும்."

"யாருக்குடா சொல்லித் தர்ற? லைன்மேனுக்கா?"

கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டில் ஒயர் மாட்டி ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். கணீரென்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே வாசலில் வேன் நின்றது. சொந்தக்காரர்கள் இறங்கினார்கள். வாங்க வாங்க என்று ஓடினார். ஒயர் சொருகியபடியே கிட்டார் கட்டிலில் கிடந்தது. மறுநாள் மனைவி சவரியம்மாள்தான் ஒயரை உருவி, எல்லாவற்றையும் உறையில் போட்டு வண்டியில் ஏற்றினாள்.

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் எழிலரசி பட்டுப்புடவையில் நின்றாள். சார்லஸ் மேடை நாற்காலியில் உட்கார்ந்து, ஒயரைச் சொருகி, கண்ணை மூடி முதல் கம்பியை மீட்டினார்.

மண்டபத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி மீட்டினார். மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாக இருந்தது. மைக்கைக் கிட்டார் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், ஸ்பீக்கர் ஊளையிட்டது. கீழே சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள். சார்லஸின் காது மடல் சிவந்தது. மகளைப் பார்க்கத் துணியாமல் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிவழகன் மேடைக்கு ஓடிவந்து குனிந்தார். "நேத்து ஒயர உருவினியா?"

சார்லஸ் சொருகியிருந்த ஒயரைப் பார்த்தார். "இல்லடா."

ஊரெல்லாம் ஃபியூஸ் பிடுங்கியவர், தன் வீட்டுக் கட்டிலில் கோட்டை விட்டிருந்தார். புது பேட்டரி வாங்க டவுனுக்குப் போய் வருவதற்குள் பந்தியே முடிந்துவிடும்.

அறிவழகன் மேடை ஓரத்துக்குப் போனார். அடுத்து மேடையேற வேண்டியது அவர்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டரும், அதன் சத்தத்தைக் கரகரவென்று கனமாக்கும் ஓவர்டிரைவ் பெடலும் மேடை ஓரத்தில் தயாராக இருந்தன. அந்தப் பெடல் இல்லாமல் அவர் வாசித்து யாரும் பார்த்ததில்லை. பெடலைக் கவிழ்த்தார். மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து அதே ஒன்பது வோல்ட் பேட்டரியைப் பிடுங்கி சார்லஸிடம் நீட்டினார்.

"மச்சான், அது இல்லாம நீ என்னா பண்ணுவ?" என்றார் சார்லஸ்.

"பொண்ணு நிக்குதுடா. மாட்டு மொதல்ல."

மாட்டினார். மீட்டினார். அந்தப் பெரிய மண்டபம் முழுக்க ஒற்றைக் கம்பியின் நாதம் நிறைந்தது.

"கரண்ட் வந்துடுச்சி!" என்று கத்தினாள் எழிலரசி. கல்யாணப் பெண் என்பதெல்லாம் மறந்து, சின்னப் பிள்ளை போலக் கையைத் தூக்கிக் குதித்தாள். மாப்பிள்ளை திகைத்துப் போனார். சவரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். சார்லஸ் வாசித்தார். உதறல் எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. முடிந்ததும் மகள், "அப்பா, இன்னொரு தடவ" என்றாள். அன்றைக்குப் போலவே திரும்ப வாசித்தார்.

கைதட்டல் அடங்கியதும் பேட்டரியைக் கழற்றித் திருப்பிக் கொடுக்கப் போனார். அறிவழகன் வாங்கவில்லை. "இருக்கட்டும். இன்னைக்கு வெறுமனே வாசிக்கிறேன்" என்று ஸ்ட்ராட்டோகாஸ்டரை நேராக ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, சுருதி பார்க்க ஒரு கம்பியைத் தொட்டார். கரகரப்பு ஏதுமில்லாமல், தண்ணீர் போலத் தெளிவாக ஒரு சத்தம் எழுந்தது. சார்லஸ் அதை இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. பிறகு யாரும் சொல்லாமலே மைக்கைப் பிடித்தார்.

"அடுத்தாப்புல என் மச்சான் அறிவழகன்" என்றார். 'கம்பிப் பலகை' என்று வந்த வாயை மாற்றிக்கொண்டார். "கிட்டார் வாசிப்பாரு."

கீழே செம்பியன் விசிலடித்தான். அறிவழகன் வாசிக்க வேண்டியதை விட்டுவிட்டு, கண்ணைத் துடைக்கத் துண்டு தேடிக்கொண்டிருந்தார்.