சித்தப்பாவின் கொப்பிகளில் நான் பிழையாக வாசித்த எழுத்து

“கல்வெட்டு எங்கடை ஆக்களுக்கு அடிக்கிறது. அந்த மனுசனைப் பற்றி எழுத உனக்கென்ன பிள்ளை தெரியும்?” கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் இந்த நினைவு மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும் பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் நான் பிழை விட்டேன்.

சித்தப்பா ஹங்கேரியில், டீசா ஆற்றங்கரைச் சிறு நகரொன்றில், ரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். இருபத்து நான்கு வயதில் சதுரங்கத்தில் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பெட்டியும் கையுமாக ஐரோப்பாவெங்கும் விளையாடித் திரிந்தவர், ஒஸ்லோவில் ஒரு போட்டிக்கு வந்தபோது, தங்கிய விடுதியில் வேலை செய்த என் சின்னம்மாவைச் சந்தித்தார். இருவரும் அதே நகரின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் குடியேறினார்கள். பரிசு கிடைக்காத காலங்களில் தபால் பிரிக்கும் வேலைக்குப் போனார். அதைக் குறைவாக நினைத்ததில்லை. யாராவது “வெள்ளைக்காரர்” என்று கூப்பிட்டால், “இண்டைக்கு எனக்குக் கறுப்புக் காய்” என்று எங்கள் தமிழிலேயே பகிடி விடுவார்.

நோய் வந்தபின், தன் ஆட்டங்களையெல்லாம் ஒரு தொகுப்பாக்க ஆசைப்பட்டார். நகர்வுகளைக் கையால் குறித்து வைத்த ஏழு கொப்பிகள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் என்பதால் அவற்றை என்னிடம் தந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கணினியில் பதிந்தபோது பல நகர்வுகளை அது ஏற்கவில்லை. ‘பி’ (B) என்று குறித்த காய், போகவே முடியாத கட்டங்களுக்குப் போயிருந்தது.

“சித்தப்பா, பிஷப் குறுக்காலதான் போகும், இப்பிடிப் போகேலாது. நீங்கள் மறந்துபோனியள்.”

கண் மங்கியிருந்ததால் கொப்பியைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

“நீ படிச்ச பிள்ளை. அப்ப எனக்குத்தான் மூளை குழம்பிப்போச்சுது போல.”

அதன்பின் அவர் சதுரங்கத்தைப் பற்றிக் கதைக்கவேயில்லை. ஆறு கிழமைகளில் காலமானார்.

இறுதிக் கிரியைக்கு ஹங்கேரியிலிருந்து வந்த அவரது தங்கை, ஒரு கொப்பியைத் திறந்து ‘பி’ என்ற எழுத்தைத் தொட்டார்; சித்தப்பாவின் சதுரங்கப் பலகையிலிருந்து கோட்டைக் காயைத் தூக்கிக் காட்டினார். ஆங்கிலத்தில் பிஷப்பைக் குறிக்கும் அந்த எழுத்து, அவர்கள் மொழியில் கோட்டையைக் குறிக்கிறது. ஒரு நகர்வும் பிழையில்லை. சித்தப்பா ஒன்றையும் மறக்கவில்லை. “இது எந்தக் காய்?” என்று நான் ஒருமுறை கேட்டிருந்தால், தன் நினைவைச் சந்தேகிக்காமலே அவர் போயிருப்பார்.

அவர் மறைந்து ஓராண்டாகிறது. வீட்டுக்கு வந்து பராமரித்த தாதியரையும், துக்க நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவரையும், உறைபனியில் தொலைவிலிருந்து வந்து சின்னம்மாவின் பக்கத்தில் நின்ற உறவுகளையும் நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம்.

ஏழு கொப்பிகளையும் மறுபடி பதிந்து முடித்தேன். முதற்பக்கத்தில் என் பிழையையும் எழுதி, போன கிழமை அவர் பிறந்த ஊரின் சதுரங்கக் கழகத்துக்கு அனுப்பிவிட்டேன்.