முள்ளங்கிச் சிவப்பு

இருமல் தொடங்கியபோது பழியை டர்பன்டைன் மேல் போட்டேன். பாரிஸ் லா ஷப்பலில் ரயில்பாதையைப் பார்த்த ஆறாம் மாடி அறைதான் என் ஓவியக்கூடம். ஒரேயொரு ஜன்னல். வர்ண நெடி நெஞ்சைப் பிடிக்கிறது என்று மூன்று மாதம் எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன். கைக்குட்டையில் இரத்தம் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். காசநோய் (கிருமி நுரையீரலை அரிக்கும் நோய்) என்றார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி அது.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் அம்மா சொன்னார்: "ஓவியம், தோட்டம், இரண்டில் ஒன்றை விடுங்கள். உடம்பு தாங்காது."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒன்றையும் விடவில்லை. வெளிச்சம் உள்ளவரை தூரிகை. சனிக்கிழமை கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, புறநகரான வில்லியே லே பெல்லில் என் அண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கிருந்த துண்டு நிலத்துக்குப் போவேன். மூச்சு வாங்கினால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவேன். அறை ஜன்னலில் மிளகாய் நாற்றும் படமும் ஒரே வெளிச்சத்துக்கு இடித்துக்கொண்டு நின்றன.

மாசியில் நிறங்கள் மங்கின. ரூ பெர்தொனே தெருக் கடையில் செத்தல் (காய்ந்த) மிளகாய் பழசு என்று சண்டை பிடித்தேன். பாவம் அந்த மனிதர், மிளகாய் புதிதுதான். பாரிஸ் மாரிக்காலத்துக்கு நிறம் ஏது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். "நிறங்கள் சரியாகத் தெரிகிறதா?" என்று மருத்துவர் கேட்டபோது, தெரிகிறது என்றேன். உண்மையைச் சொன்னால் படத்தை நிறுத்திவிடுவார் என்ற பயம்.

ஆனி மாதத் திருஇருதயத் திருவிழாவுக்கு, நம் தமிழ்ப் பூசை நடக்கும் கோவிலுக்காக நெஞ்சில் சிவந்த இருதயம் தெரியும் அந்த இயேசு படத்தை வரைந்துகொண்டிருந்தேன். நாற்று எடுக்க வந்த அண்ணையின் மனைவி அதன்முன் நின்றா.

"மச்சாள், ஆண்டவற்ற நெஞ்சில ஏன் கருகின ரொட்டியை வைச்சிருக்கிறீர்?"

"சிவப்புத்தானே அது."

அவ சிரிக்கவில்லை. "என்ர சட்டை என்ன நிறம், சொல்லும் பாப்பம்."

"சாம்பல்."

"பச்சை," என்றா.

வர்ணக் குழாயின் பெயரைப் பார்த்து எடுக்கிற பழக்கம் எனக்கில்லை. கண்ணை நம்பி எடுப்பேன். அந்தக் கண்தான் என் காலை வாரிவிட்டிருந்தது.

மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நான் விழுங்கிவந்த எதாம்பியூட்டால் (காசக் கிருமியைத் தடுக்கும் மாத்திரை) என் பார்வை நரம்பைத் தொட்டுவிட்டது. அதை மட்டும் உடனே நிறுத்தினார்கள், மற்ற மருந்துகள் தொடர்ந்தன. பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். "எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். என்னிடம் மட்டும் பொய் சொல்லாதீர்கள்." வெட்கமாக இருந்தது. இதே மாத்திரை எடுப்பவர்களே, நிறம் மங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். வீம்பை வேறு இடத்தில் காட்டலாம்.

"படத்தை வேற ஆளிட்டைக் குடுப்பம், தங்கச்சி," என்றார் அண்ணை.

"ஏலாது அண்ணை. ஆனி வரைக்கும் அது என்ர படம்."

கருகின ரொட்டியைச் சுரண்டி எடுத்தேன். குழாய்ப் பெயர்களை வாசித்து வாசித்து மற்ற இடங்களை முடித்தேன். நெஞ்சின் நடுவில் மட்டும் வெள்ளைத் துணி தெரிந்தது. பங்குனியில் சின்னச் சிவப்பு முள்ளங்கி விதைத்தேன். சித்திரை முழுக்கச் சனிக்கிழமைக்கு ஒன்று பிடுங்கிப் பார்த்தேன். சாம்பல். பிறகும் சாம்பல். அடுத்தது ஈர மண்ணின் நிறம். பார்வை வராவிட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்க நான் மறுத்தேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை பிடுங்கியதைப் பாவாடையில் துடைத்தேன். அண்ணை வீட்டிலிருந்து மச்சாளைக் கூப்பிட்டேன்.

"என்ன நிறம் இது?"

"நீர் சொல்லும்."

"சிவப்பு," என்றேன். அவ என்னைப் பிடித்துக்கொண்டு அழுதா. நானும்தான்.

அந்த முள்ளங்கியை அறைக்குக் கொண்டுபோய், அதைப் பக்கத்தில் வைத்து இருதயத்தை வரைந்தேன்.

இன்றும் காலையில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஜன்னலோர மிளகாயைப் பார்த்த பிறகுதான் தேநீர். இடக்கண்ணின் சிவப்பு இன்னும் ஒரு படி மங்கல். முன்பெல்லாம் ஒரு வாரம் சும்மா போனாலும் எனக்குத் தெரியாது. இப்போது ஒரு பகல் போனாலே தெரிகிறது.

அந்த ஆண்டுத் திருவிழாவன்று பூசை வைத்த சுவாமியார் படத்தை நெடுநேரம் பார்த்தார். "இருதயம் கொஞ்சம் ரோஸா இருக்கே, பிள்ளை?"

"என்ர கண்ணுக்கு இதுதான் சிவப்பு, சுவாமி," என்றேன். "இது இப்பிடியே இருக்கட்டும்."