என் வாய் தொடங்கிய உண்ணாவிரதம்

எறணாகுளம் பிராட்வேயில் குடைக்கடைக்காரனிடம் விலை பேசிக்கொண்டு நின்றபோது எதிர்வீட்டு நபீசாவின் போன் வந்தது. "காக்கா, ஹனீபா மாமு மௌத்தாயிட்டாங்க" என்றாள். மரணச் செய்தி கேட்டதும் குடையைப் போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினேன். அறுபத்தெட்டு வயதில் அப்படி ஓடக்கூடியவன் கொச்சியில் நான் ஒருவன்தான்.

நம் தெருவுக்கே மாமுவான அவருக்கு வயது தொண்ணூற்றெட்டு. நான் நூற்றிரண்டு என்றே சொல்லி வருகிறேன். அவ்வளவு பெரிய மனிதருக்கு வயதைக் குறைத்துச் சொல்வது மரியாதையில்லை.

அந்தக் காலத்தில் நம் மட்டாஞ்சேரி மகாராஜாவுக்கு, பக்கத்துப் போர்ட் கொச்சி வெள்ளைக்காரனுக்கு. பதினாறு வயதில் மாமு சுதந்திரக் கொடியைப் பல்லில் கடித்தபடி காயலை நீந்திப்போய் வெள்ளைக்காரன் மண்ணில் நட்டார். மூன்று படகில் போலீஸ் துரத்தியது. மாமு இதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "ரோட்டு வழியா நடந்துதான்டா போனேன். எல்லை தாண்டி பத்தடி வச்சதும் பிடிச்சுட்டான்" என்பார். அது அவருடைய அடக்கம். ஆறு மாதம் ஜெயிலில் இருந்தார் என்பது மட்டும் அவர் கதையிலும் உண்டு, என் கதையிலும் உண்டு.

வெளியே வந்தவர் பதவி தேடவில்லை. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடத்தில் இடம் என்று நமக்காக ஆபீஸ் ஆபீஸாக நடந்தார். யாருக்கும் மனு எழுதித் தரமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நம்மையே எழுத வைப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்து பழகியது அப்படித்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நம் தெருக்குழாயில் கலங்கல் தண்ணீர் வந்து, பிறகு அதுவும் நின்றது. நபீசாவின் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. தண்ணீர் ஆபீஸில் ஐந்து மனு கொடுத்தும் பலனில்லை. ஆறாவதை மாமு என்னிடம் கொடுத்து அனுப்பினார். அதிகாரி தலை நிமிராமலே, "அடுத்த மாசம் நோக்காம், சேட்டா" என்று மலையாளத்தில் தள்ளிப்போட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "அதுவரைக்கும் எங்க தியாகி உயிரோட இருக்கமாட்டார்! இன்னைக்குக் காலையில சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கிட்டார்!" என்று மேசையைத் தட்டினேன். அவர் கையில் பேனா அப்படியே நின்றது.

திரும்பி வந்தபோது தியாகி சாயாக்கடையில் அப்பம் தின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நான் உண்ணாவிரதமா?"

"சும்மா ஒரு பேச்சுக்கு, மாமு."

தட்டைத் தள்ளிவைத்தார். "பொய் சொல்லி வாங்கின தண்ணிய புள்ளைங்களுக்குக் குடுக்கிறதா? சொன்னது சொன்னதுதான். இனி மெய்யாக்கணும். வா, நீயும் உட்காரு."

"நானுமா?"

"பொய் சொன்ன வாய் ஆருது?"

வறண்ட குழாய்க்கு எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். அவருக்கு அப்போது எண்பத்தாறு. "நோம்புன்னா சாயங்காலம் கஞ்சி உண்டே, மாமு?" என்று கேட்டுப் பார்த்தேன். "இந்த நோம்புக்குக் குழாய்தான்டா பாங்கு சொல்லணும்" என்றார்.

நபீசா வந்து அழுதாள். "எழும்புங்க மாமு. என் புள்ளைக்கு அடுத்த தெருவுலேர்ந்து நான் சுமந்துக்கிறேன்."

"உன் புள்ளைக்கு நீ சுமப்பே. சுமக்க முடியாதவ புள்ளைக்கு?"

இரண்டாம் நாள் மதியம் மாமுவின் தலை என் தோளில் சாய்ந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. என் வாய் ஒரு மனிதரைக் கொன்றுவிடுமோ என்று நடுங்கிப்போனேன். "மாமு, நான் போய்ப் பொய் சொன்னேன்னு ஒத்துக்கிறேன்" என்றேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "ரெண்டு நாளா அது மெய்தானேடா."

அன்று மாலையே அதிகாரி ஆட்களோடு வந்து இறங்கினார். தோண்டினால் உள்ளே குழாய் முழுக்கத் துருவேறி உளுத்திருந்தது. மறுநாள் காலை புதுக்குழாயில் தண்ணீர் சீறியது. முதல் குடத்தை நபீசா பிடித்தாள். அதன் பிறகே மாமு எலுமிச்சைத் தண்ணீர் குடித்தார். பதினோரு நாள் இருந்தோம் என்று நான் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். இரண்டு நாள்தான். மாமுவைப் பற்றி எழுதும்போது இதையாவது சரியாக எழுதவேண்டும் என்று தோன்றுகிறது.

அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, பள்ளிவாசல் வாசலில் மேலத்தெருக்காரர்கள் தங்கள் குழாயும் வறண்டுவிட்டது என்றார்கள். "இந்த மாசத்துக்குள்ள தண்ணி ஓடும், நான் பொறுப்பு!" என்று கூட்டத்துக்கு நடுவே சொல்லிவிட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. வாய் தானாகவே சொல்லிற்று. முன்பென்றால் வீட்டுக்குப் போய்ச் சுகமாகத் தூங்கியிருப்பேன். இப்போது சொன்னதை மெய்யாக்காமல் தூக்கம் வருவதில்லை. மாமு எனக்கு விட்டுப்போனது இதுதான். திங்கட்கிழமை காலை மனுவோடு ஆபீஸ் வாசலில் நிற்பேன். மாமுவைத் தெரிந்தவர்கள் வாருங்கள். பெஞ்சில் இடம் இருக்கிறது.