கடித்த நாய்க்குத் தண்ணீர் வைத்த பதினான்கு நாள்

எங்கள் லயத்தில் நாய் அடிக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஈஜோக் ஊரிலிருந்து உள்ளே போகும் மண்சாலையில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, இன்னும் ஆள் குடியிருக்கும் பதினோரு வரிசை வீடுகள் எங்களுடையவை. கோழியைத் தின்ற நாய், மனிதனைக் கடித்த நாய், சொறி பிடித்து வாசலில் புரளும் நாய், எதுவானாலும் நான்தான். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். இருக்கைக்குப் பின்னால் இரண்டு முழ நீளத்தில் ஓர் இரும்புக் குழாய் எப்போதும் கிடக்கும். காதுகளுக்கு நடுவே ஒரே அடி. மற்றவர்கள் அடித்தால் நாய் கத்திக்கொண்டே வட்டமடிக்கும். நான் அடித்தால் கத்தாது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

மனிதனைக் கடித்த நாய் பொழுது சாய்வதற்குள் சாக வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எங்களுக்கு அதுதான் சட்டம். நாய்க்கு வெறி முற்றினால் கடிபட்டவருக்கும் முற்றும், அதற்கு முன்பே நாய் செத்துவிட்டால் விஷமும் அதோடு போய்விடும் என்று என் அப்பா காலத்திலிருந்தே நம்பினோம். நானும் சந்தேகமில்லாமல் நம்பினேன்.

அன்று பள்ளி விடுமுறை. பதினொரு வயது மகள் வாசலில் பூப்பந்து விளையாடிக்கொண்டிருந்தாள். பந்து லோரிக்கு அடியில் போய் விழுந்தது. எடுக்கக் குனிந்து தலையை உள்ளே விட்டாள். அங்கே ஒரு செவலை நாய் தூங்கிக்கொண்டிருந்தது. யாருடைய நாயும் அல்ல, பதினோரு வீட்டுச் சோற்றையும் தின்று வளர்ந்தது.

சத்தம் கேட்டு நான் வெளியே ஓடி வந்தபோது அது அவள் இடது கன்னத்தைப் பிடித்திருந்தது. நான் அதன் விலாவில் உதைத்தேன். விடவில்லை. இரண்டாவது உதையில் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது, அப்போதுதான் விட்டது. மகளின் கன்னத்திலிருந்து ஒரு துண்டுச் சதை தொங்கியது. நான் பிள்ளையைத் தூக்கவில்லை. குழாயை எடுக்கத்தான் ஓடினேன். இதை எழுதவே கை கூசுகிறது.

அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணி, என் அண்ணன் மனைவி, ஒரு கை சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு வந்து காயத்தில் அப்பிவிட்டார். பிள்ளை துடித்த துடிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. நாய் சாலைக்குக் குறுக்கே போகும் வடிகால் குழாய்க்குள் புகுந்துகொண்டது. நான் அதன் பின்னால் போகப் பார்த்தேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னாங்க, நாயி எங்கயும் ஓடிறாது. மொதல்ல பிள்ளய பாருங்க!"

"நீ போடா தம்பி, நாயி என் பொறுப்பு" என்றார் அண்ணன்.

கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா தமிழ்ப் பெண். வயது முப்பதுகூட இருக்காது. சுண்ணாம்பைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு இத பூசுனது? வீட்டுல சோப்பு இல்லையா, தண்ணி இல்லையா?" என்று கத்தினார். பிறகு குழாயடிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்றார். பிள்ளையின் தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையைக் கடித்தாள், காலால் உதைத்தாள், "அப்பா விடுங்கப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடமும் பிடித்திருந்தேன். பிறகு காயத்தைச் சுற்றிலும் ஊசி, கையில் ஓர் ஊசி.

எல்லாம் முடிந்து டாக்டரம்மா கேட்டார். "நாயை என்ன பண்ணீங்க?"

"இன்னும் ஒன்னும் பண்ணல டாக்டர். அண்ணன் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றேன், நல்ல பேர் வாங்குகிற நினைப்பில்.

"பாத்துக்கிறதுன்னா?"

நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த நாயி சாகக் கூடாது ஐயா. கட்டி வெச்சி பதினாலு நாளு பாக்கணும். பதினாலு நாளும் ஒழுங்கா சாப்பிட்டு, தண்ணி குடிச்சி உயிரோட இருந்திச்சின்னா, கடிச்ச அன்னிக்கி அதுக்கு நோய் இல்லைன்னு அர்த்தம். உங்க பிள்ளைக்கும் பயமில்ல. நாங்க ஊசி போடுறோம், ஆனா கடி முகத்துல இருக்கு, மூளைக்குப் பக்கம். அந்த நோய் வெளிய வந்திருச்சின்னா அப்புறம் மருந்தே கெடையாது. அடிச்சிப் போட்டுட்டா எதுவும் தெரியாம நாளக் கடத்தணும்."

இத்தனை வருடமாக எத்தனை பேரை அப்படி நாள் கடத்த வைத்திருக்கிறேன் என்று அந்த நிமிடத்தில் நினைக்கவில்லை. அண்ணனுக்குத்தான் போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"உள்ளுக்குள்ள மாட்டிக்கிச்சிடா. ரெண்டு பக்கமும் ஆளு நிக்கிது. கவலப்படாத லா" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை.

மனைவியையும் மகளையும் அங்கேயே விட்டுவிட்டுக் காரை விரட்டினேன். லயத்துக்கு வந்தபோது ஆறேழு பேர் வடிகாலைச் சுற்றி நின்றார்கள். நாயைக் கயிற்றில் சுருக்குப் போட்டு வெளியே இழுத்திருந்தார்கள். ஒரு கண்ணிலிருந்து இரத்தம் வழிந்தது, வாய் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அண்ணன் கையில் என் குழாய். ஓங்கியிருந்தார்.

"அடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானே அடிக்க வேண்டும் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டார்போல. "ரெண்டு அடி நான் போட்டுக்கிறேன், மிச்சம் ஒனக்கு" என்று மறுபடி ஓங்கினார். பேசிப் புரியவைக்க நேரமில்லை. கீழே கிடந்த மட்டையை எடுத்து அவர் கையில் ஓங்கி அடித்தேன். செம்பனை மட்டையின் முள் அவர் தோலைக் கிழித்தது. குழாயை விடவில்லை. இன்னொரு அடி. மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நாயிக்காக அண்ணன அடிச்சிட்டியேடா" என்றார். நாயை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கால்நடை இலாகாவிலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். சொந்தக்காரர் இல்லாத நாய் என்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, என்னுடைய நாய்தான் என்றேன். லைசென்ஸ் எங்கே என்று திட்டினார். சங்கிலியால் கட்டு, யாரையும் கிட்டே விடாதே, நானும் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கட்டினேன். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் பாராங் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அந்த நாயை எனக்கு எந்த அளவு பிடிக்காது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் காலையில் குண்டானில் தண்ணீரை நீளக் கம்பால் தள்ளிவிட்டு, "குடிடா நாசமாப் போறவனே" என்பேன். அது நாக்கை நீட்டிக் குடிக்கும். அப்போதுதான் எனக்கு மூச்சு வரும். குடித்துவிட்டது, இன்றைக்கு என் பிள்ளை பிழைத்தாள்.

ஆறாவது நாள் குடிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மகளுக்கு முதல்நாள் ராத்திரியிலிருந்தே காய்ச்சல். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கம்பை எடுத்து நாயை அடித்தேன். "குடி! குடி!" என்று கத்திக் கத்தி அடித்தேன். அது சங்கிலி எட்டிய மட்டும் ஓடி, கூட்டுக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு, சிறுநீர் கழித்தது. மனைவி வந்து பிடிக்கும்வரை நிறுத்தவில்லை. நிமிர்ந்தபோது சன்னலில் மகள் நின்றிருந்தாள். கன்னத்துக் கட்டுக்கு மேலே இரண்டு கண்ணும் என்னையே பார்த்தன.

வாய் வீக்கத்தில் சீழ் கட்டியிருக்கிறது, அதுதான் காரணம் என்று போனில் அந்த மலாய்க்காரர் சொன்னார். மனைவி கஞ்சி வடித்து ஆறவைத்து வைத்தாள். சாயங்காலம் நாய் அதை நக்கியது. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். மகளின் காய்ச்சலும் ஊசியால் வந்ததுதான், இரண்டு நாளில் இறங்கிவிட்டது.

பதினான்காவது நாள் அந்த மலாய்க்காரர் வந்து நாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் வைக்கச் சொன்னார், குடித்தது. தாளில் கையெழுத்துப் போட்டார். மதியம் டாக்டரம்மாவும் போனில், இனிப் பயமில்லை என்றார். மனைவி சாமி படத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகள் வாசலுக்கு வந்து, எட்ட நின்றபடி, நாய்க்கு ஒரு பிஸ்கட்டை வீசினாள். கடிபட்ட பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் என் குழாய். பின்னால் லயத்து ஆட்கள் எல்லோரும். பதினான்கு நாளாக என்னோடு பேசாதவர் குழாயை என் காலடியில் போட்டார்.

"நீ ஒன் பிள்ளைக்காகத்தான் என்னைய அடிச்சேன்னு இப்ப புரியிது. அது சரி. பதினாலு நாளு முடிஞ்சிருச்சில்ல? நாளைக்கி இன்னொரு பிள்ளய கடிச்சா? முடிச்சி விட்டுடு. நமக்குள்ள பகை ஒன்னும் இல்ல."

எந்தச் சட்டமும் அன்றைக்கு என்னை அடிக்கச் சொல்லவில்லை. டாக்டரம்மா சொல்லவில்லை, அந்த மலாய்க்காரர் சொல்லவில்லை. அண்ணனின் மாவுக்கட்டைப் பார்த்தேன், பின்னால் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தேன், குழாயை எடுத்தேன். நாய் என்னைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டியது. தண்ணீர் வைக்க வருகிறேன் என்று நினைத்திருக்கும். குண்டானுக்குப் பக்கத்தில் வந்து நின்று தலையைக் குனிந்தது. முதல் அடி தவறி முதுகில் விழுந்தது. அது கத்தியது. நான்கு அடி அடித்தேன். அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திரும்பினால் மகள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளை உள்ளே அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது தழும்பு மங்கிவிட்டது. அவளுக்கு நாய் என்றால் பயமில்லை. பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் அவள் சின்னம்மா வீட்டு நாயை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சுகிறாள். போன வாரம் அவள் தலைக்கு மேலே கொடியில் காய்ந்த துண்டை எடுக்கக் கையைத் தூக்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். வாழ்நாளில் ஒருமுறைகூட அவளை நான் அடித்ததில்லை. "துண்டுதாம்மா எடுத்தேன்" என்றேன். "தெரியும்ப்பா" என்றாள், கையை எடுக்காமல்.