செண்பகவடிவு பிழைத்த விதம்

எங்கள் குடும்பத்தில் பொய்யே சொல்லாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது என் பெரியப்பா. பொய் சொல்லாமல் இருக்கவே முடியாத மனிதன் ஒருவன் உண்டென்றால் அது நான். இரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ் இருந்ததால் வீடு எப்படியோ ஒரு பக்கமாகச் சாயாமல் நின்றது என்று என் தாயார் சொல்லுவாள்.

திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் தோட்டம். பெரியப்பா கிணற்றடியில் குளித்து, ஈர வேட்டியோடு மலையைப் பார்த்துக் கும்பிட்டு, விபூதியை மூன்று பட்டையாக இழுத்த பிறகுதான் இறைப்புக்கு மாடு பூட்டச் சொல்லுவார். சந்தைக்கு மாடு விற்கப் போனால், வாங்க வந்தவன் வாயைத் திறப்பதற்குள் “இதுக்கு முன்னங்கால் கொஞ்சம் நொண்டுமுங்க” என்று தாமே சொல்லிவிட்டு, அந்த மாட்டைத் திரும்பவும் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவருக்கு நாவல் என்ற சரக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

“நடக்காததை நடந்துச்சுன்னு ஒருத்தன் எழுதறான். அதை ஒருத்தன் வாங்கி வாயப் பொளந்துக்கிட்டுப் படிக்கறான். ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்லையா? வெளக்கு வெக்கற ஊட்டுக்குள்ள அந்தப் பொய்மூட்டை வரப்படாது” என்பது அவர் போட்ட சட்டம்.

புராணத்தில் அரக்கர்கள் ஆகாயத்தில் பறக்கிறார்களே, கதையில் மந்திரவாதி பறந்தால் மட்டும் என்ன என்று ஒரு முறை கேட்டேன். “அரக்கன் சாமிகிட்ட சண்டைக்குப் பறந்தான்டா. இவன் எதுக்குப் பறக்கறான்? அடுத்தவன் பொண்டாட்டியத் தூக்கறதுக்கு” என்றார். அரக்கனும் அதற்குத்தானே பறந்தான் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கையில் சாட்டை இருந்ததைப் பார்த்ததும் என் சந்தேகம் தானாகவே தீர்ந்துவிட்டது.

சட்டத்தை மீறியவர் அவருடைய சொந்தத் தம்பி, அதாவது என் சித்தப்பா. ஈரோட்டுக்குப் பருத்தி வண்டி ஓட்டிப் போகும்போதெல்லாம், பாகம் பாகமாக வருகிற மலிவு நாவலை வெறும் சாக்குக்குள் சுருட்டிக் கொண்டுவருவார். தமக்காக அல்ல. அவர் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த பருத்தியே வெடித்துவிடும். எல்லாம் சின்னம்மாவுக்காக. சின்னம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆகவே படித்துக் காட்டும் பொறுப்பு, நாலாம் வகுப்பில் இரண்டாம் வருஷமாக உட்கார்ந்து அந்த வகுப்பை நன்றாகக் கற்றுத் தேர்ந்திருந்த என்னிடம் வந்தது.

சின்னம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு தரம் பிறந்த ஊருக்குப் பிரசவத்துக்குப் போய், இரண்டு தரமும் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். அதனால் இந்தத் தரம் அனுப்பவில்லை. தொட்டில் பேச்சில்லை, பேர் வைக்கிற பேச்சில்லை. பேசினால் யார் கண்ணாவது பட்டுவிடும் என்று வீடே வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. அவள் வயிறு மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தது.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சோளத்தட்டுப் போர் ஒன்று உண்டு. மத்தியானத்தில் பெரியப்பா காட்டுப் பக்கம் போனதும் போரின் நிழலில் சின்னம்மா விதைக் கடலைக்காயை முறத்தில் போட்டு உரிக்க உட்காருவாள். நான் நாவலைப் பிரிப்பேன். ராஜகுமாரி பேசினால் மூக்கால் பேசுவேன். மந்திரவாதி பேசினால் மட்டும் குரலை மாற்றத் தேவையில்லை என்பது சின்னம்மாவின் அபிப்பிராயம்.

கதாநாயகியின் பெயர் செண்பகவடிவு. ராஜகுமாரி. கல்யாணமாகி, கருவுற்றிருக்கும் சமயத்தில் ஒற்றைக்கண் மந்திரவாதி அவளை ஆகாய மார்க்கமாகத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பாழுங்கோட்டையில் அடைத்துவிடுகிறான். மூன்றாம் பாகத்தின் முடிவில் விஷம் கலந்த பாலைக் குடித்து அவள் தரையில் சாய்கிறாள். அதோடு அந்தப் பாகம் முடிந்தது.

முறத்தில் சின்னம்மாவின் கை நின்றுவிட்டது.

“குடிச்சுட்டாளா?”

“குடிச்சுட்டாளுங்க சின்னம்மா.”

“வயித்துல புள்ளை இருக்குதேடா சாமி!”

“இருக்குதுங்க.”

“மறுக்கா ஒருக்காப் படி. குடிக்கலையோ என்னமோ.”

மறுபடியும் படித்தேன். மறுபடியும் குடித்தாள்.

பொழுது சாய்வதற்குள் சின்னம்மா என் கையைப் பிடித்து மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சன்னதியில் நின்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாள்: “தாயே, செண்பகவடிவும் அவ புள்ளையும் நல்லபடியா ரெண்டு உசுரா எந்திரிச்சாங்கன்னா, தாய்க்கொண்ணு புள்ளைக்கொண்ணு உருவாரம் வெக்கறேன்.”

நோய் தீர்ந்தவர்கள், பிள்ளை பெற்றுப் பிழைத்தவர்கள் பெயரில் மண்ணால் உருவம் செய்து கோயிலில் வைப்பதுதான் உருவாரம். காகிதத்தில் இருக்கிறவளுக்கு மண்ணில் பொம்மையா என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சின்னம்மாவைப்போல ஒரு அசடு இந்தப் பக்கத்திலேயே இருக்க முடியாது என்று வீடு வரும்வரை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். அசடு யார் என்பது பிறகு பேசவேண்டிய விஷயம்.

நாலாம் பாகம் வந்தது. சின்னம்மாவுக்கு முன்னால் போய் உட்காருவதற்குள் நான் திருட்டுத்தனமாக ஒரு பார்வை பார்த்தேன். முதல் அத்தியாயத்திலேயே செண்பகவடிவு இறந்துபோயிருந்தாள், வயிற்றுப் பிள்ளையோடு. எழுதிய மகானுபாவர் ஒரே ஒரு ‘அந்தோ!’ போட்டுக் காரியத்தை முடித்திருந்தார்.

சின்னம்மாவின்மேல் இரக்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் படிப்புக் கூலியாகத் தினமும் ஒரு துண்டு கருப்பட்டி தருவாள். கதாநாயகி போனால் கதை போகும், கதை போனால் கருப்பட்டி போகும் என்பதுதான் முதலில் தோன்றியது. அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தபோது வாயிலிருந்த கருப்பட்டி இனிக்காமல் போனதும் உண்மை. பழைய சரக்கு என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, “அவ்வமயம் செண்பகவடிவு மெல்லக் கண் விழித்தாள்” என்று படித்தேன்.

சின்னம்மா முறத்தை நகர்த்திவிட்டுக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. அச்சிட்ட நாவலில் செண்பகவடிவின் புருஷனான ராஜகுமாரன் துக்கத்தில் காவி கட்டிக்கொண்டு காசிக்குப் போய்விட்டான். எனக்கோ அவன் உடனே வேண்டும். வேறு வழி தெரியாமல் அவனைச் சங்ககிரி ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறக்கினேன்.

“அந்தக் காலத்துல ரயிலு இருந்துச்சா சாமி?”

“ராசாவுக்கு மட்டும் இருந்துச்சுங்க சின்னம்மா.”

மந்திரவாதியை ஒரு வெள்ளிக்கிழமை கொன்றேன். அடுத்த வாரம் அது மறந்துபோய் மறுபடியும் கொன்றேன்.

“அவன்தான் அன்னைக்கே செத்துட்டானே?”

“இது அவன் தம்பிங்க.”

“தம்பிக்கும் ஒத்தைக் கண்ணுதானா?”

“அந்தக் குடும்பமே அப்படித்தானுங்க.”

தம்பியைக் கொன்ற ஆரவாரத்தில் என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் போருக்கு இந்தப் பக்கம் பெரியப்பா நிற்கிறார். சின்னம்மா எழுந்து போருக்கு மறுபக்கம் போய்விட்டாள். அவர் கையை நீட்டினார். நான் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, முதுகைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

அடி விழவில்லை. அவர் நான் பிரித்து வைத்திருந்த பக்கத்தைப் படித்தார். முன்னால் புரட்டிப் படித்தார். ஓர் இடத்தில் கண் நின்றது. அது ‘அந்தோ’ இருக்கும் இடம் என்று எனக்குத் தெரியும். பிறகு என்னைப் பார்த்தார். நான் உரக்கப் படித்ததை அவர் எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு நின்றாரோ, என் சாமர்த்தியம் முழுக்க அவருக்கு விளங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் தம்பி மனைவி புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். நடுவில் ஒரு பிள்ளையோ மாடோ வேண்டும். “ஏ காளை, சோறு ஆறுதுன்னு சொல்லு” என்று சின்னம்மா சொன்னால் பெரியப்பா சாப்பிட வருவார். அன்றைக்கும் போருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் என்னிடம்தான் வந்தது.

“சாமி, நீ படிக்கறது எனக்கு நாலு நாளா நம்பிக்கையாவே இல்லை. பொஸ்தகத்துல அவளும் புள்ளையும் நல்லா இருக்கறாங்களான்னு உங்க பெரியப்பாவைக் கேளு. அவிய ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்.”

நான் கேட்கவில்லை. பெரியப்பா புத்தகத்தைப் பார்த்தார். போரைப் பார்த்தார். பிறகு மலை இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு, வரவு செலவு சொல்லுகிற குரலில் சொன்னார்:

“நல்லா இருக்கறான்னு சொல்லுடா. புள்ளையும் சொகமாப் பொறந்துருச்சாம். அப்படித்தான் அச்சுப் போட்டிருக்குது.”

போருக்கு அந்தப் பக்கம் யாரோ பெரிதாக மூச்சு விட்டார்கள்.

“கதை முடிஞ்சுபோச்சு. இனி இதைப் படிக்க வேண்டாம்” என்று புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மந்திரவாதிக்கு ஓர் அண்ணனை வேறு தயார் செய்து வைத்திருந்தேன். மாதக்கணக்கில் ஓட்டவேண்டிய கதையை மனிதர் ஒரே பேச்சில் பிரசவம் பார்த்து முடித்துவிட்டார்! அதோடு, பொய்யே சொல்லாத பெரியப்பா பச்சையாகப் பொய் சொல்லிவிட்டார் என்று ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அதற்கு முன் வந்த என் பொய்களையும் வரிசையாகச் சொல்லவேண்டியிருக்கும். ஊர் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

சின்னம்மாவுக்குப் பெண் பிறந்தது. அது அழுத அழுகைக்குக் கட்டுத்தறியில் மாடுகள் மிரண்டன. தீட்டுக் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பெரிய பொம்மை ஒன்று, சின்னப் பொம்மை ஒன்று, இரண்டும் என் தலைமேல் கூடையில்.

“ஆரு பேருக்குங்க?” என்று பூசாரி கேட்டார்.

“செண்பகவடிவுன்னு சொல்லுங்க” என்றாள் சின்னம்மா.

“அது எந்த ஊட்டுப் பொண்ணு? நம்ம ஊர்ல அப்படி ஆரும் இல்லையே?”

நான் மந்திரவாதி, கோட்டை, ரயில் எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். பூசாரி என்னைக் கவனிக்கவில்லை. சின்னம்மா மடியில் கிடந்ததைப் பார்த்தார். “அம்மனுக்குத் தெரியுமுங்க” என்று சொல்லி, செண்பகவடிவின் பேரைக் கூப்பிட்டுத் தேங்காயை உடைத்தார்.

மறுநாள் விடியலில் பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் மலைக்கு நடந்தார். வெயில் ஏறித் திரும்பி வந்தவரைப் பார்த்து நாய் குரைத்தது. அவர் முழங்கை நீளத்துக்கு வளர்த்து, எண்ணெய் போட்டு முடிந்து வைத்திருந்த குடுமியைக் காணோம். தலை சந்தனம் பூசிப் பளபளவென்று இருந்தது.

“என்னங்க பெரியப்பா, முடி?”

“பேனுடா” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வளவு முழுக்க ஓடிப் பெரியப்பா தலையில் பேன் என்று வீடு வீடாகச் சொன்னேன். பெரியவர்கள் ஒருவரும் சிரிக்காதது எனக்கு வியப்பாக இருந்தது. கடைசியாகச் சின்னம்மாவிடம் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி சொன்னேன். அவளும் சிரிக்கவில்லை. கிணற்றடிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிள்ளையை எடுத்து அதன் தலையை முந்தானைக்குள் மூடி இறுக அணைத்துக்கொண்டாள்.

பேன் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.